ஒரு சுரம் மட்டும் உறுமுகிறதா? வீட்டு அறையில் பேஸை வழிக்குக் கொண்டுவருவது

பேஸ், அதாவது பாட்டின் கீழ்ஸ்தாயி ஒலி, சரியில்லை என்று தோன்றினால் முதலில் சந்தேகப்படுவது ஸ்பீக்கரை, அப்புறம் ஆம்ப்ளிஃபையரை, அதுவும் இல்லையென்றால் பாவம் கேபிளை. அறையின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆனால் சுமார் 200, 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே போய்விட்டால் ஸ்பீக்கரைவிட அறைதான் அதிகம் பேசும், அதிலும் நம் ஊர் அறை கொஞ்சம் கூடுதலாகவே பேசும். செங்கல் சுவர், சிமெண்ட் பூச்சு, மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ். அமெரிக்க வீடுகளில் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர்தான் பெரும்பாலும் இருக்கும், பேஸ் வந்து மோதினால் அது லேசாக அசைந்து கொடுத்துக் கொஞ்சத்தைத் தின்றுவிடும். நம் சுவர் அசையாது, வந்ததை அப்படியே திருப்பி அனுப்பும். அதனால் அந்த ஊர் வீடியோக்களில் வரும் யோசனைகள் இங்கே பாதிதான் பலிக்கும்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் இடம் மாற்றுவது, அடுத்து உறிஞ்சுவது, கடைசியாக ஈக்யூ, அதாவது ஈக்வலைசரில் குறிப்பிட்ட அதிர்வெண்ணைக் கூட்டிக் குறைப்பது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், ஏனென்றால் ஈக்யூவை நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யலாம், சோஃபாவை நகர்த்த இன்னொரு ஆள் வேண்டும்.

கணக்குக்கு 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரமுள்ள அறையை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் அறை வேறாக இருந்தால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

அறையா, பாட்டா, ஸ்பீக்கரா?

இதைப் பார்க்காமல் கீழே போகாதீர்கள். அதே பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். அங்கேயும் உறுமினால் அது ரெக்கார்டிங்கில் இருப்பது, விட்டுவிடலாம். ஹெட்ஃபோனில் சரி, அறையில் மட்டும் உறுமல் என்றால் வெவ்வேறு சுருதியில் உள்ள இரண்டு மூன்று பாட்டுகளைப் போட்டுப் பாருங்கள். எல்லாப் பாட்டிலும் அதே உயரத்தில் உள்ள சுரம் எகிறினால் குற்றவாளி அறைதான். இன்னும் சந்தேகமா, தூக்க முடிகிற ஸ்பீக்கர் என்றால் ஒரு சாயங்காலம் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் அதே பாட்டைப் போடுங்கள். நாலு சுவரும் கூரையும் இல்லாத இடத்தில் அதன் சொந்தப் பேஸ் எவ்வளவு என்று தெரிந்துவிடும், அனேகமாக ‘இவ்வளவுதானா’ என்று இருக்கும்.

“ஒரே ஒரு சுரம் மட்டும் கும்மென்று எகிறுகிறது”

புகார்களில் பெரும்பாலானவை இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

பள்ளி இயற்பியலில் வந்த நிலை அலைதான் இது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி போய்த் திரும்பும்போது, அலைநீளத்தில் பாதி அந்த இடைவெளியோடு சரியாகப் பொருந்தினால் அந்த அதிர்வெண் மட்டும் தங்கி வளரும். கண்டுபிடிக்கச் சுலப வழி: 570ஐ அடிக் கணக்கில் உள்ள தூரத்தால் வகுங்கள். (நம் ஊர் வெப்பநிலைக்கு ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 1140 அடி போகும், அதில் பாதி.) 12 அடிக்கு 47.5 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 57. அவற்றின் இரண்டு மடங்கான 95, 114 ஆகியவையும் வரும். நீளமும் அகலமும் சேர்ந்து 74 பக்கம் ஒன்று, இது கொஞ்சம் பலம் குறைந்தது.

இந்த அறையில் அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் 57 இரண்டு தடவை விழுகிறது, அதுதான் வில்லன். பேஸ் கிட்டாரில் விரல் வைக்காமல் மீட்டிய ‘ஏ’ கம்பி 55 ஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் பேஸ் வரிசை ஒழுங்காக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போது ‘ஏ’ வந்ததும் ஜன்னல் அதிர்கிறது, அடுத்து ‘டி’ கம்பியின் 73க்குப் போனதும் சமர்த்தாகிவிடுகிறது. பத்துக்குப் பத்து அறையும் பத்தடிக் கூரையுமாக வைத்திருப்பவர்களுக்கு மூன்று திசையும் ஒரே 57இல் போய் விழும். அவர்களுக்கு என் அனுதாபம், முடிந்தால் வேறு அறைக்கு மாறிவிடுங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அதைவிட மலிவான தீர்வு இல்லை.

இனி சோதனை. ஸ்பீக்கரோடு இணைத்த போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு, சைன் அலையை 30 ஹெர்ட்ஸில் தொடங்கி 120 வரை மெதுவாக ஏற்றுங்கள். சத்தத்தைக் குறைத்தே வையுங்கள், தூய சைன் அலை வூஃபரை (பேஸைத் தரும் பெரிய கூம்பை) நன்றாக வாட்டும். எங்கே எகிறுகிறதோ அங்கே நிறுத்தி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த டோன் ஓடும்போதே அறையின் நீளவாக்கில் நடங்கள். நடுவில் வந்ததும் சத்தம் அடங்கி, சுவரை நெருங்க நெருங்கக் கூடினால் அது நீளத்தின் வேலை. அகலவாக்கில் நடந்து அதே மாதிரி இருந்தால் அகலம். நடந்தால் பெரிய மாற்றமில்லை, ஆனால் எழுந்து நின்றால் குறைகிறது, குனிந்தால் கூடுகிறது என்றால் தரைக்கும் கூரைக்கும் நடுவே நடப்பது. பத்தடி உயர அறையில் நிற்பவரின் காது ஏறக்குறைய ஐந்தடியில், அதாவது சரியாக அடங்கும் இடத்தில் இருக்கிறது. பாய் போட்டுப் படுத்துக் கேட்பவர்களுக்கு இந்த 57 முழு பலத்தோடு வரும், ராத்திரி படுத்ததும் பேஸ் தூக்கலாகத் தெரிகிறதே என்று யோசித்திருந்தால் காரணம் இதுதான்.

எண் தெரிந்துவிட்டதா, இப்போது இருக்கையை நகர்த்துங்கள். பெரும்பாலான வீடுகளில் சோஃபா பின்சுவரோடு ஒட்டியிருக்கும், அங்கே நீளவாக்கு அலைகள் அத்தனையும் உச்சத்தில் இருக்கும். ஓரடி முன்னே இழுத்துவிட்டு ‘ஒன்றும் மாறலையே’ என்று விட்டுவிடாதீர்கள், ஓரடியில் 47.5க்கு உண்மையாகவே ஒன்றும் ஆகாது. நம் 12 அடி அறையில் கணக்கு இப்படி வரும்: பின்சுவரிலிருந்து 3 அடியில் 47.5 சுமார் 3 டெசிபல்தான் குறையும், ஆனால் 95 மொத்தமாகக் காணாமல் போகும், அது அடுத்த தலைவலி. நாலரை அடியில் 47.5 எட்டு டெசிபல் பக்கம் இறங்கும், 95 மூன்று டெசிபல் இறங்கும், இரண்டும் சகித்துக்கொள்ளும்படி இருக்கும். ஆறடியில், அதாவது நட்ட நடுவில், 47.5 அறவே இருக்காது. ஆகவே நாலரை அடியில் தொடங்கி முன்னும் பின்னும் அரையடி அரையடியாகத் தேடுங்கள். சுவரும் தரையும் கொஞ்சம் உறிஞ்சும், கதவு ஜன்னல் வழியாகக் கொஞ்சம் போகும், எனவே நிஜத்தில் ஏற்ற இறக்கம் காகிதத்தில் உள்ள அளவுக்கு இருக்காது. திசை மட்டும் சரியாக இருக்கும்.

ஹாலின் நடுவில் நாலரை அடி தள்ளி நாற்காலி போட்டால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று எனக்கும் தெரியும். கேட்கும் நேரத்துக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், தரையில் சின்னதாக ஒட்டுத்தாள் அடையாளம் வைத்துவிட்டால் தினமும் டேப் தேட வேண்டாம்.

நாற்காலியை நகர்த்தவே முடியாதென்றால் சப்வூஃபரை, அதாவது பேஸுக்கென்றே உள்ள தனிப் பெட்டியான சப்பை, நகர்த்துங்கள். மூலையில் வைத்த சப் எல்லா நிலை அலைகளையும் எழுப்பிவிடும். அதே சப்பை 12 அடிச் சுவரின் நடுவில் வைத்தால் 47.5ஐ அதனால் கிளப்பவே முடியாது, ஏனென்றால் அந்த அலை அடங்கும் இடத்தில் நின்று அதைத் தள்ளுகிறது. நல்ல இடம் தேடச் சோம்பேறி வழி ஒன்று உண்டு. சப்பைத் தூக்கி நீங்கள் உட்காரும் நாற்காலியிலேயே வையுங்கள், பேஸ் வரிசை தெளிவாக ஓடும் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, சுவர் ஓரமாக முட்டி போட்டுத் தவழ்ந்து போங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் ஒரே அளவில் கேட்கிறதோ அங்கே சப்பை வைத்துவிட்டு நீங்கள் நாற்காலிக்குத் திரும்புங்கள். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

“சுவர் ஓரம் போனால் பேஸ் நிறைய இருக்கிறது, என் இடத்தில் மட்டும் இல்லவே இல்லை”

மேலே சொன்னதன் மறுபக்கம். நீங்கள் அலை அடங்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இதற்குச் செய்யக்கூடாத காரியம் பேஸ் நாபைத் திருகுவது. அந்த இடத்தில் நேரே வருவதும் திரும்பி வருவதும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, நீங்கள் எவ்வளவு கூட்டினாலும் இரண்டும் சேர்ந்தே கூடும், அழிவதும் அப்படியே நடக்கும். 10 டெசிபல் ஏற்றினால் ஆம்ப்ளிஃபையர் அந்த அதிர்வெண்ணில் பத்து மடங்கு வாட் கொடுக்க வேண்டும், பள்ளம் அப்படியே இருக்கும், வூஃபர் மட்டும் கிழியப் பார்க்கும், பக்கத்து அறையில் இருப்பவர் கதவைத் தட்டுவார்.

நாற்காலியை ஒன்றிரண்டு அடி நகர்த்துங்கள், போதும்.

நகர்த்தியும் பள்ளம் அதே எண்ணில் நிற்கிறதென்றால், ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள சுவரைப் பாருங்கள். ஸ்பீக்கரின் முன்முகத்துக்கும் அந்தச் சுவருக்கும் உள்ள தூரத்தை அளந்து, 285ஐ அதால் வகுங்கள். 3 அடி என்றால் 95 ஹெர்ட்ஸில் பள்ளம், ஒன்றரை அடி என்றால் 190இல். பேஸ் பின்பக்கமும் பரவிச் சுவரில் பட்டுத் தலைகீழாக வந்து சேர்வதால் விழும் பள்ளம் இது. ஸ்பீக்கரைச் சுவருக்கு நெருக்கமாகத் தள்ளினால் பள்ளம் மேலே ஏறும், மேலே ஏறினால் நாலு அங்குல ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) பலகை ஒன்றை அந்தச் சுவரில் மாட்டி ஓரளவு சமாளிக்கலாம். சப் இருந்தால் இன்னும் நல்லது, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சப்பிடம் விட்டுவிட்டு ஸ்பீக்கரைச் சுவரோரமாகவே வைக்கலாம்.

“குறிப்பிட்ட சுரம் என்று இல்லை, மொத்தமாகத் தடிப்பாக இருக்கிறது, செய்தி வாசிப்பவர்கூட பானைக்குள் இருந்து பேசுகிறார்”

ஸ்பீக்கர் ஷோகேஸ் மாடத்துக்குள் இருக்கிறதா, மூலையில் ஒட்டியிருக்கிறதா, டிவி மேஜையில் உட்கார்ந்திருக்கிறதா? சுவருக்கு ஒட்டி வைத்த ஸ்பீக்கருக்குத் தாழ்ந்த பேஸ் 6 டெசிபல் வரை கூடும், மூலையில் இன்னும் அதிகம். முதலில் மாடத்திலிருந்து வெளியே எடுங்கள். முடியாதென்றால் பெட்டியின் முன்முகம் மாடத்தின் விளிம்புக்கு வரும்படி முன்னே இழுத்துவிட்டு, சுற்றியுள்ள இடைவெளியில் பழைய துணியைத் திணியுங்கள். பின்பக்கம் ஓட்டை உள்ள ஸ்பீக்கர் என்றால் அந்த ஓட்டையில் ஒரு சுத்தமான சாக்ஸைச் சுருட்டி வைத்துப் பாருங்கள். பேஸ் கொஞ்சம் மேல் அதிர்வெண்ணிலேயே இறங்கத் தொடங்கும், ஆனால் இறக்கம் செங்குத்தாக இல்லாமல் மெதுவாக இருக்கும், சுவரோர வைப்புக்கு அது பெரும்பாலும் பொருந்தி வரும். காசு செலவில்லை, பிடிக்கவில்லையென்றால் எடுத்துவிடலாம்.

“அடி விழுந்தபிறகும் பேஸ் இழுக்கிறது, மிருதங்கத்தின் தொப்பியும் டிரம்மின் கிக்கும் ஒன்றோடொன்று கலக்கிறது”

அளவு சரி, ஆனால் நிற்க மாட்டேன் என்கிறது. கான்கிரீட் அறையின் பரம்பரை வியாதி இது. தொப்பியில் விழும் ‘தொம்’ அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடுவதால் தாளக்கட்டு மங்கும்.

முட்டை அட்டை ஒட்டாதீர்கள். கடையில் கிடைக்கும் இரண்டு அங்குல முக்கோண ஃபோமும் ஒட்டாதீர்கள். அவை மேல் ஒலிகளை மட்டும் தின்னும், பேஸைத் தொடாது, கடைசியில் அறை மேலே செத்தும் கீழே உறுமியும் இன்னும் மோசமாகும். காரணம் எளிது: 50 ஹெர்ட்ஸின் அலைநீளத்தில் கால் பங்கே ஏறக்குறைய 5.7 அடி. அதன் முன்னால் இரண்டு அங்குலம் எம்மாத்திரம்.

தடிமன்தான் எல்லாம். கட்டட இன்சுலேஷன் விற்கும் கடைகளில் ராக்வூல் பலகை, கிளாஸ்வூல் பலகை கிடைக்கும். நாலு முதல் ஆறு அங்குலத் தடிமனுக்கு, இரண்டடி அகலத்தில், அறையின் மூலையில் குறுக்காக, தரையிலிருந்து கூரை வரை நிறுத்துங்கள். பின்னால் உருவாகும் முக்கோண இடைவெளியை வெறுமையாக விடலாம், நிரப்பினால் இன்னும் நல்லது. அடர்த்தி அதிகமானால் நல்லது என்று கடைக்காரர் சொல்வார், இந்தத் தடிமனுக்கு அது உண்மையில்லை. ரொம்ப அடர்த்தியான பலகைக்குள் காற்று புகாமல் ஒலி திரும்பிவிடும், கனமீட்டருக்கு 48 கிலோ ரகமே போதும். காடாத் துணி போட்டு மூடுங்கள், வெட்டும்போது மாஸ்க்கும் முழுக்கைச் சட்டையும் கையுறையும் கட்டாயம், அரிப்பு எடுத்தால் ரெண்டு நாள் விடாது.

நம் அறைகளில் நாலு மூலையில் ஒன்றில் கதவு, ஒன்றில் பீரோ என்று போய்விடும். மீதி இரண்டே இருந்தாலும் செய்யுங்கள், சுவரும் கூரையும் சேரும் விளிம்பும் மூலைதான் என்பதை மறக்க வேண்டாம். யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடம் அது. செலவில்லாமல் முன்னோட்டம் பார்க்க, பரணில் கிடக்கும் இலவம்பஞ்சு மெத்தைகளை இறக்கிச் சுருட்டி மூலைகளில் நிறுத்துங்கள். 100 ஹெர்ட்ஸுக்கு மேலே வித்தியாசம் தெரிந்தால் பலகைக்குப் பணம் போடலாம்.

ஆனால் 57க்கும் 47க்கும் இந்தப் பலகைகள் பெரிதாக எதுவும் செய்யாது. அதற்குத் தனியாக அதிரும் பெட்டி கட்டலாம்: காற்று புகாமல் அடைத்த மரப்பெட்டி, முகத்தில் மெல்லிய பிளைவுட், உள்ளே கொஞ்சம் ராக்வூல். 9 மில்லிமீட்டர் பிளைவுட், 8 அங்குல ஆழம் என்றால் கணக்கில் 57 பக்கம் வரும். தச்சர் ஒட்டுவதைப் பொறுத்து அது 50க்கோ 65க்கோ நழுவும், தவிர ஒரு பெட்டி போதாது. பொறுமையும் இடமும் உள்ளவர்களுக்கு மட்டும்.

மற்றவர்களுக்கு ஈக்யூ. விதி ஒன்றே: மேட்டை வெட்டலாம், பள்ளத்தை நிரப்பக்கூடாது. ரூம் ஈக்யூ விஸார்ட் இலவச மென்பொருள், யூமிக்-1 மாதிரி யூஎஸ்பி மைக் ஒன்று இருந்தால் காது இருக்கும் இடத்தில் வைத்து அளக்கலாம். ஃபேனையும் ஏசியையும் நிறுத்திவிட்டு, 15 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை ஓட்டி, வரைபடத்தை மழுப்பாமல் (ஸ்மூத்திங் போடாமல்) பாருங்கள், மழுப்பினால் குறுகிய மேடுகள் காணாமல் போய்விடும். 57இல் 9 டெசிபல் மேடு நின்றால் 57 ஹெர்ட்ஸ், கழித்தல் 8 டெசிபல், க்யூ (வெட்டு எவ்வளவு குறுகல் என்ற எண்) 6 என்பது போல ஒரு ஃபில்டர் போட்டு மறுபடி அளந்து, மேட்டின் அகலத்தோடு பொருந்தும்வரை க்யூவை மாற்றுங்கள். சரியாகப் பொருந்தினால் அந்த இருக்கையில் இழுவையும் சேர்ந்தே குறையும், ஒலி நேரத்தோடு அடங்குவதைக் காட்டும் வாட்டர்ஃபால் படத்தில் பார்க்கலாம். இந்த ஃபில்டரைப் போட, விண்டோஸ் கணினியில் பாட்டுக் கேட்பவர்களுக்கு ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருள் இலவசம், மற்றவர்களுக்கு மினிடிஎஸ்பி மாதிரி ஈக்யூ செய்யும் ஒரு பெட்டி. போனின் மைக் கீழ்ப்பேஸைக் குறைத்துக் காட்டும், ஆனால் அதே எண்ணில் முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று ஒப்பிட மட்டும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

“எனக்குச் சரி, பக்கத்தில் உட்காருபவருக்கு உறுமுகிறது”

ஈக்யூ ஒரு இருக்கைக்குத்தான் நியாயம் செய்யும். ஆள் அதிகமென்றால் இரண்டாவது சப் வாங்குங்கள். ஒரே பெரிய சப்பைவிட இரண்டு சின்ன சப் மேல். ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002இல் எத்தனை சப் எங்கெங்கே வைத்தால் எல்லா இருக்கைக்கும் ஒரே மாதிரி வரும் என்று கணக்கிட்டுப் பார்த்தார், எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்று என்பது அதில் நன்றாகத் தேறிய ஏற்பாடு. நம் அறையில் இரண்டு 12 அடிச் சுவர்களின் நடுவில் வைத்தால் அகலவாக்கு 57ஐ இரண்டும் எதிரெதிராகத் தள்ளி ரத்து செய்துவிடும், நீளவாக்கு 47.5 எழும்பவே எழும்பாது. கூரையோடு நடக்கும் 57 மட்டும் மிஞ்சும், ஏனென்றால் இரண்டு சப்பும் தரையில்தான் இருக்கின்றன. அதை ஈக்யூவில் வெட்டுங்கள்.

“சப் வாங்கியபிறகு பேஸ் குறைந்துவிட்டது”

80 ஹெர்ட்ஸ் பக்கம் சப்பும் ஸ்பீக்கரும் சண்டை போடுகின்றன. சப்பின் பின்னால் உள்ள, அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சை 0இலிருந்து 180க்கு மாற்றுங்கள், 80 ஹெர்ட்ஸ் டோனில் எது அதிகமாகக் கேட்கிறதோ அதுவே சரி. ஸ்பீக்கர் ஒயரில் ஒரு பக்கம் மட்டும் கூட்டலும் கழித்தலும் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள், இது நினைப்பதைவிட அதிகமாக நடக்கிறது.

“பாட்டே இல்லை, ஆனாலும் உறுமல்”

அது அறையில்லை, கரண்ட். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பதினொன்றரை அடிச் சுவர்களுக்கு நடுவே தங்குவதும் ஏறக்குறைய 50 ஹெர்ட்ஸ். அதனால் சின்ன ஹம் கூடச் சுவரோரம் பெரிதாகக் கேட்கும், நீங்கள் நடமாடும்போது கூடிக் குறையும். டிவிக்கு வரும் கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் உடனே நின்றுவிடும். நின்றால் எர்த் லூப், அதாவது கருவிகள் இரண்டு வழியாக எர்த்தோடு சேர்ந்து உண்டாகும் வளையம், அந்த ஒயருக்கு அதைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் போட வேண்டும். பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிட்டால் ஹம் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஷாக் அடித்தால் தாங்க அங்கே வேறெதுவும் இல்லை.

“கடகட என்று ஏதோ ஆடுகிறது”

30இலிருந்து 120 வரை டோனை ஏற்றிக்கொண்டே அறையைச் சுற்றி ஒவ்வொரு பொருளிலும் உள்ளங்கையை வையுங்கள். ஸ்டீல் பீரோவின் கதவு, ஷோகேஸ் கண்ணாடி, ஏசியின் முன்மூடி, ஜன்னல் கொக்கி, சுவர்க் கடிகாரம், இந்த வரிசையில் தேடினால் சீக்கிரம் கிடைக்கும். கை வைத்ததும் நின்றால் அதுதான், இடுக்கில் ரப்பர் துண்டு போதும்.

“கீழ்வீட்டுக்காரர் வந்து சண்டை போடுகிறார்”

ராக்வூலால் இதற்குப் பயனில்லை. மூலையில் நிற்கும் பலகை உள்ளே இழுவையைக் குறைக்கும், தளத்தின் வழியாகக் கீழே போவதைத் தடுக்காது. சப்புக்கு அடியில் தடித்த ஃபோம் அடி வைத்தால் நேரடியாகத் தரைக்கு இறங்கும் அதிர்வு கொஞ்சம் குறையும், காற்று வழியாகத் தளத்தை ஆட்டுவது அப்படியே இருக்கும். மேட்டை வெட்டிய பிறகு அதே ஃபில்டர் பட்டியலில் ராத்திரிக்கு என்று இன்னொரு அமைப்பைச் சேமித்து, அதில் 50க்குக் கீழே எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். பத்து மணிக்கு மேல் அதற்கு மாறிக்கொள்ளுங்கள்.